தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா: குடும்பச் சொத்தைச் சேதாரமில்லாமல் கைமாற்ற ஒரு முழு வழிகாட்டி

போன தை மாதம் ஒரு குடும்பம், பத்திரம் எழுதும் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றது. நின்றது என்றால் நிஜமாகவே நின்றது. என் பெஞ்சில் ஆறு பேருக்குத்தான் இடம். தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட் நிலம். அவர் 1984-இல் போய்விட்டார், பாட்டி 1999-இல். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். பட்டா இன்றுவரை தாத்தா பெயரில். பக்கத்தில் பைபாஸ் வந்ததும் நல்ல விலைக்குக் கேட்டு ஆள் வந்துவிட்டார். அட்வான்ஸும் வாங்கிவிட்டார்கள்.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 24 சென்ட். மூத்த மகன் இறந்துவிட்டார். மனைவி, மூன்று பிள்ளைகள், ஆளுக்கு 6 சென்ட். இரண்டாமவர் இருக்கிறார், 24 சென்ட் அவருக்கு. மூன்றாமவர் 2021-இல் இறந்தார்; மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு 8 சென்ட், அதில் சின்னவளுக்கு வயது 14. மூத்த மகளும் இல்லை. கணவர், நான்கு பிள்ளைகள், ஆளுக்கு 4.8 சென்ட். இளைய மகள் இருக்கிறார். ஆக 14 கையெழுத்து. அதில் ஒருவர் துபாயில். ஒருவருக்கு மைனர் பங்கு. இன்னொருவர் 'என்னைக் கேக்காம எப்படி அட்வான்ஸ் வாங்கினீங்க' என்று கோபத்தில் போனையே எடுக்கவில்லை.

"எப்போ ரிஜிஸ்டர் பண்ணலாம்?" என்று கேட்டார் இரண்டாமவர். "இந்த வருஷம் இல்லைங்க ஐயா" என்றேன்.

இருபது வருடத்துக்கு மேலாகப் பத்திரம் எழுதுகிறேன். நம் ஊர்க் குடும்பங்களில் சொத்து ஊதாரித்தனத்தால் கரைந்ததைவிட இப்படிப் பங்காகிப் பங்காகி யாருக்கும் பயன்படாமல் முடங்கியதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சேர்ப்பதற்கு ஆயிரம் பேர் யோசனை சொல்வார்கள். கைமாற்றுவதற்கு எங்களிடம் வருவார்கள், அதுவும் காலம் கடந்து. எங்கே தொடங்கி எப்படிப் போவது என்று வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம், பழைய சிக்கலைத் தீர்க்காமல் உயில் எழுதுவது, ஓட்டைக் குடத்துக்கு மூடி வாங்குவது.

முதல் படி: ஒரு நோட்டு

கம்ப்யூட்டர் வேண்டாம், இருநூறு பக்க நோட்டு போதும். இடப்பக்கம் இருப்பது, வலப்பக்கம் கடன். நிலம், வீடு, நகை, வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை, இன்சூரன்ஸ், பி.எஃப்., பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், கைமாற்றாகக் கொடுத்தது, சீட்டு. கைமாற்றை மறக்காதீர்கள். அப்பா யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது அப்பாவோடு போய்விடும்; அவர் வாங்கியது மட்டும் பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்து நிற்கும்.

நிலம், வீட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கிரயப் பத்திரம் யார் பெயரில், எந்த வருடம், ஆவண எண் என்ன, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம். அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம் கையில் இருக்கிறதா. பட்டா எண், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு. இதற்கெல்லாம் அலையத் தேவையில்லை: பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றை வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும், வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் தளத்திலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

பார்க்கும்போது பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த, நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். நில அளவையில் பெயர் மாறிப் போனவை, பரப்பு குறைந்தவை, அண்ணன் தம்பி இருவர் நிலம் அண்ணன் பெயரில் மட்டும் ஏறியவை இன்னும் ஏராளம். பத்திரத்தில் 65 சென்ட் இருக்கும், பட்டாவில் 61 இருக்கும். அந்த நாலு சென்ட் பக்கத்துக் காட்டுக்காரர் பட்டாவில் உட்கார்ந்திருக்கும். அதைத் திருத்த வருவாய்த் துறையில் மனுக் கொடுக்கலாம். விவரம் தெரிந்த பெரியவர் உயிரோடு இருக்கும்போது கொடுப்பது வேறு, அவர் பேரன் கொடுப்பது வேறு.

வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு யார் பெயரில் என்பதையும் எழுதுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் இறந்து முப்பது வருடம் ஆனவர் பெயரில் கரண்ட் பில் கட்டும் வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

இரண்டாம் படி: இதில் உண்மையில் உங்களுடையது எது

'பூர்வீகச் சொத்து' என்ற சொல்லை வைத்து நடக்கும் சண்டையில் பாதி, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாததால் வருவது. தாத்தா சொத்து என்றாலே பேரனுக்குப் பிறப்புரிமை என்று பலரும் நினைக்கிறார்கள். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல், 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு இறந்திருந்தால், அது அவர் பிள்ளைகளுக்கு வாரிசு முறையில் வருகிறது. பிள்ளை கையில் அது தனிச் சொத்து. அப்பா உயிரோடு இருக்கும்போது பேரன் பங்கு கேட்க முடியாது. பல தலைமுறையாகப் பிரியாமல் கூட்டுக் குடும்பச் சொத்தாகவே வந்ததில்தான் பிறப்புரிமை. எனவே மூலப்பத்திரத்தைப் பார்க்காமல் 'பூர்வீகம்' என்று பேசத் தொடங்காதீர்கள்.

அடுத்து பெண்கள். "அவளுக்குக் கல்யாணத்துலயே போட்டாச்சு" என்ற வாக்கியத்தை வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்கிறேன். அறுபது பவுன் போட்டிருந்தாலும் சட்டத்தின் கணக்கில் அது பங்கைக் கழிக்காது. அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு 1956 முதலே சம பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்திலும், 25.3.1989 அன்று திருமணம் ஆகாமல் இருந்த பெண்களுக்குத் தமிழ்நாடு தன் திருத்தத்தின் மூலம் உரிமை கொடுத்தது. மத்திய அரசு 9.9.2005-இல் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது; இருந்திருக்க வேண்டியதில்லை. 20.12.2004-க்கு முன்பே முறைப்படி முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் கிளற முடியாது.

இன்னொருவரையும் மறந்துவிடுகிறோம்: இறந்தவரின் அம்மா. மகன் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளுக்குச் சமமாக அம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பாவுக்கு அந்த முதல் வரிசையில் இடமில்லை. மருமகளும் மாமியாரும் பேச்சுவார்த்தையில் இல்லாத வீட்டில் இந்த ஒரு வரி என்னென்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் இந்துக்களுக்கு. கிறிஸ்தவக் குடும்பத்தில் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பத்தில் ஷரீஅத் பங்கீடு; உயில் மூலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வாரிசுகளின் சம்மதம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு முடிவெடுக்கும் முன், அவர் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறார் என்று பாருங்கள்.

மூன்றாம் படி: பழைய முடிச்சை இப்போதே அவிழ்ப்பது

முந்தைய தலைமுறை பெயரில் ஏதாவது இருந்தால் அதுதான் முதல் வேலை. இறப்புச் சான்று, அதை வைத்து இ-சேவை மூலம் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, பிறகு பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ.

எல்லோரும் பங்கு எடுத்துக்கொள்வதானால் பாகப்பிரிவினை. ஒருவர் தன் பங்கைப் பணம் வாங்கிக்கொண்டோ வாங்காமலோ மற்றவர்களுக்கு விட்டுக்கொடுப்பதானால் விடுதலை. குடும்பத்துக்குள் நடக்கும் இந்தப் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1%, உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில் ஏற்றிய கணக்கு இது. பாகப்பிரிவினையில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். வெளியாளுக்குக் கிரயம் என்றால் மதிப்பில் 7 சதவீதமும் பதிவுக்கு 2 சதவீதமும் ஆகும். வித்தியாசத்தைப் பாருங்கள். 'குடும்பம்' என்பதற்குச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது; மாமன் மச்சான் எல்லாம் அதில் வரமாட்டார்கள். இறந்தவரின் பிள்ளைகள் கையெழுத்துப் போடும் பத்திரம் என்றால், சலுகை பொருந்துமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவுக்குப் பயந்து வெள்ளைத்தாளில் கூர்சீட்டு (யாருக்கு எது என்ற பதிவு செய்யாத பங்குப் பட்டியல்) எழுதிப் பெட்டியில் வைப்பவர்கள் இன்றும் உண்டு. அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கும்வரை அது வேலை செய்யும். வங்கியில் கடன் கேட்கும் அன்று, அல்லது விற்க நினைக்கும் அன்று, அதைப் பார்த்து யாரும் பணம் தரமாட்டார்கள்.

அக்கா தங்கைகளிடம் விடுதலை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. "சும்மா ஒரு கையெழுத்துதாம்மா, போட்டுட்டுப் போ" என்று பொங்கலுக்கு வந்த பெண்ணை நேராக ஆபீசுக்குக் கூட்டி வருவார்கள். நான் பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவதில்லை. அதனால் சிலர் என்னிடம் வருவதுமில்லை. அவளுக்கு என்ன போகிறது என்று தெரிந்தே விட்டுக்கொடுத்தால் அது பெருந்தன்மை. தெரியாமல் போட்டால் பத்து வருடம் கழித்து அது வழக்கு.

மைனர் பங்கு இருந்தால் தாயோ தந்தையோ தாமாக விற்க முடியாது. இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். அந்த 14 வயதுப் பெண்ணின் 8 சென்ட்டுக்காகத்தான் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆசையாகக் குழந்தை பெயரில் மனை வாங்குபவர்களும் இதை யோசியுங்கள்: நடுவில் ஆபத்துக்கு விற்க வேண்டும் என்றால் கோர்ட் படி ஏற வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர் பவர், அதாவது தனக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம், அனுப்பலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். தபாலில் வந்த பவரைப் பூஜை அறையில் வைத்துவிட்டு நாலாம் மாதம் எடுத்து வந்தவர்களும் உண்டு.

விவசாய நிலம் பிரிப்பவர்கள் கவனத்துக்கு

இதற்குத் தனியாகவே எழுத வேண்டும். நிலத்தைப் பிரிப்பது சுலபம். சர்வேயர் சங்கிலி போட்டால் முடிந்தது. கிணற்றை எப்படிப் பிரிப்பீர்கள்?

நான் பார்த்த பாகப்பிரிவினைத் தகராறுகளில் பெரும்பாலானவை கிணறு, மோட்டார், வண்டிப்பாதை மூன்றில் ஒன்றில் வந்து நிற்கின்றன. 'கிணற்றில் மூன்றில் ஒரு பாகம்' என்று மட்டும் எழுதினால் போதாது. யாருக்கு எந்த நாள் முறை, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கும், மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் செலவு யாருக்கு எவ்வளவு, தண்ணீர் போகும் வாய்க்கால் எவர் காட்டு வழியாக, குழாய் பதித்தால் எவ்வளவு ஆழம், கிணற்றைத் தூர்வார ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன, யாராவது பக்கத்தில் போர் போட்டால் என்ன. இத்தனையும் எழுத வேண்டும். பாதைக்கு அகலத்தை அடிக்கணக்கில் எழுதுங்கள். 'மாமூல் பாதை' என்று எழுதிய காலத்தில் மாட்டுவண்டி போனது. இன்று அறுவடை இயந்திரம் போக வேண்டும்.

ஒரு குடும்பத்தில் மூன்று சகோதரர்கள். ஆளுக்கு இரண்டு நாள் முறை, ஆறு நாளில் சுற்று முடியும். ஏழாவது நாள் என்ன என்று கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கிணற்றடிக் கன்னிமார் கோயில் பூஜை யார் செலவோ அவருக்கு என்று முடிவாகி, அதையும் எழுதினேன். சுழற்சி முறையில் பூஜை, அதன்படியே ஏழாம் நாள் தண்ணீர். இதுவரை சண்டை இல்லை.

நான்காம் படி: சேர்ப்பதில் ஒரே கூடை வேண்டாம்

நம் ஆட்களுக்குச் சொத்து என்றால் மண், பொன், அவ்வளவுதான். மண்ணைப் பழிக்கமாட்டேன், என் சோறே அதில்தான். ஆனால் செட்டிநாட்டின் கதையை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். நகரத்தார் பர்மாவில் வட்டிக்குக் கொடுத்தவர்கள், நிலம் வாங்கப் போனவர்கள் அல்ல. 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போக, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. 1942-இல் ஜப்பான் படை வந்தது, 1948-இல் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. கணக்கு வைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. கல்யாணம் ஆனதும் மகனைத் தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, கணக்கிட்டு, ஒரே வீட்டில் தனி அடுப்பு வைத்துப் பிரித்துவிடும் ஒழுங்கும் அவர்களுக்கு இருந்தது. இருந்தும், ஒரு நாட்டில் ஒரே வகைச் சொத்தில் மாட்டிக்கொண்டதற்கு விலை கொடுத்தார்கள். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இன்றும் பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் விலைக்கு நிற்கின்றன. பங்காளிகள் பெருகிப்போன வீட்டைப் பராமரிக்கவும் முடியாமல், ஒருவர் மட்டும் வாங்கிக்கொள்ளவும் முடியாமல், பிரித்து விற்றதில் வந்தவை அவற்றில் உண்டு.

நிலம், வீட்டோடு கூட, ஒரு நாளில் கையில் பணமாகக்கூடிய, ரூபாய் கணக்கில் துல்லியமாகப் பிரிக்கக்கூடிய ஏதாவது ஒன்று குடும்பத்தில் இருக்க வேண்டும். வீட்டை ஒரு பிள்ளைக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக மற்றவளுக்குப் பணம் கொடுக்க அப்போதுதான் முடியும். ஒரே ஒரு வீடு, மூன்று பிள்ளைகள் என்றால் எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சம்பாதிப்பவர் பெயரில் டேர்ம் இன்சூரன்ஸ் (அவர் இறந்தால் குடும்பத்துக்குத் தொகை தரும் பாலிசி) முதலில். கடன், தொழில் நெருக்கடி உள்ளவர்கள் பாலிசி எடுக்கும்போதே 1874-ஆம் ஆண்டுத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுங்கள். மனைவி, பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய அந்தப் பணத்தைக் கடன்காரர் தொட முடியாது. பிறகு பி.பி.எஃப். என்ற அரசின் பொது வருங்கால வைப்பு நிதி; 15 வருடம், ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை. பெண் குழந்தைக்குப் பத்து வயதுக்குள் செல்வமகள் கணக்கு. அதற்கும் மேல் தாங்க முடிந்தால் பங்குச் சந்தைக் குறியீட்டு ஃபண்ட், அதாவது சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளையே அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்ட்.

விளம்பரங்களில் பெரிய தொகை காட்டுவார்கள். நானும் காட்டுகிறேன், முழுதாக. மாதம் 5,000 ரூபாய், 25 வருடம், ஆண்டுக்கு 10% வளர்ந்தால் சுமார் 66 லட்சம். நீங்கள் போட்டது 15 லட்சம்தான். கேட்க இனிக்கிறது. ஆனால் விலைவாசி வருடம் 6% ஏறினால், அன்றைய 66 லட்சம் வாங்கக்கூடியதை இன்று சுமார் 15 லட்சத்துக்கு வாங்கிவிடலாம். அந்த 10 சதவீதத்துக்கும் யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அதனால் சம்பளம் ஏறும்போதெல்லாம் போடும் தொகையையும் ஏற்றுங்கள், 5,000-லேயே நின்றுவிடாதீர்கள்.

நகைக்கு ஒரே ஒரு யோசனை: எந்த நகை யாருடையது, எத்தனை பவுன் என்று நோட்டில் படத்தோடு ஒட்டிவையுங்கள். மருமகள் கொண்டுவந்தது மருமகளுடையது. லாக்கருக்குள் போனதும் எல்லாம் அத்தையுடையதாகிவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு.

ஐந்தாம் படி: நாமினி

நாமினி உரிமையாளர் இல்லை. பணத்தை வங்கியிடமிருந்து வாங்கி, வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டிய ஆள். 1984-இல் இன்சூரன்ஸ் பணத்துக்கு உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. 2023 டிசம்பரில் கம்பெனிப் பங்குகளுக்கும் அதையே சொன்னது. இடையில் 2015-இல் இன்சூரன்ஸ் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று ஆனது. அந்த ஒன்றைத் தவிர மற்ற இடங்களில் நாமினி போட்டதால் உயில் தேவையில்லை என்று நினைக்காதீர்கள்.

அதற்காக நாமினி போடாமலும் விடக்கூடாது. போடாத கணக்கில் பணம் எடுக்க வாரிசுகள் படும் பாடு தனிக்கதை. 1.11.2025 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை, யாருக்கு எத்தனை சதவீதம் என்று குறிப்பிட்டே போடலாம். வேலைக்குச் சேர்ந்தபோது பி.எஃப்.பில் அம்மா பெயர் போட்ட தம்பிகள் கவனியுங்கள்: கல்யாணம் ஆனதும் அந்த நியமனம் செல்லாது, புதிதாகப் போட வேண்டும்.

அப்பாவுக்கு எங்கெல்லாம் கணக்கு இருந்தது என்றே தெரியவில்லையா? பத்து வருடம் யாரும் தொடாத வைப்புகளை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றிவிடும். பணம் போய்விடாது, உரிமை கோரலாம். 2023-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

ஆறாம் படி: உயிலா, செட்டில்மெண்டா

தினமும் கேட்கப்படும் கேள்வி. என் பதிலும் தினமும் ஒன்றுதான்: உங்களுக்குக் கடைசிவரை சோறு போடுவது எது?

தான செட்டில்மெண்ட் எழுதினால் அன்றே சொத்து கைமாறிவிடும். அப்பா மகன் பெயருக்கு எழுதப் பெரிய செலவும் இல்லை, மேலே சொன்ன அதே 40,000, 10,000 வரம்புதான். உறவுக்குள் கொடுக்கும் தானத்துக்கு வருமான வரியும் கிடையாது. பத்திரம் எழுதும் எனக்கும் அதில்தான் வரும்படி. ஆனால் பிறகு மனசு மாறினால் ரத்து செய்வது லேசில்லை. எழுதிக் கொடுத்த மறுமாதமே மாடியிலிருந்து திண்ணைக்கு வந்துவிட்ட பெரியவர்களை எனக்குத் தெரியும்.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு வரி சேருங்கள். ஒன்று, உங்களுக்கும் மனைவிக்கும் ஆயுள்வரை அந்த வீட்டில் குடியிருக்கும், வருமானத்தை அனுபவிக்கும் உரிமை. இரண்டு, எழுதி வாங்குபவர் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தையே செல்லாததாக்கக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வழி செய்கிறது. நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் உங்கள் பக்கம் வலு.

மற்ற எல்லோருக்கும் உயில். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்யுங்கள். பின்னால் 'இது அப்பா கையெழுத்தே இல்லை' என்பவருக்குப் பதில் சொல்லச் சுலபம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும். இரண்டு சாட்சிகள் கண்டிப்பாக வேண்டும். நீங்கள் கையெழுத்திட்டதைப் பார்த்தவர்களாக, உங்கள் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட்டவர்களாக. சொத்து வாங்கப்போகிறவரையும் அவர் வீட்டு ஆட்களையும் சாட்சியாக்க வேண்டாம். சாட்சியின் வயதைப் பாருங்கள்: வழக்கு என்று வந்தால் ஒரு சாட்சியாவது கோர்ட்டில் நின்று சொல்ல வேண்டும். எழுபது வயதுக்காரர் தன் கூட்டாளிகள் இருவரை அழைத்து வந்து போட்ட உயில்களில் மூவருமே போய்ச் சேர்ந்தவை என் அலமாரி நகல்களிலேயே இருக்கின்றன.

வாசகம் தெளிவாக இருக்கட்டும். 'என் வீட்டை மூத்தவனுக்கும் காட்டை இளையவனுக்கும்' என்று எழுதுவார் ஒருவர். அவருக்கு இரண்டு வீடு இருக்கும். கதவு எண், சர்வே எண், பரப்பு, நான்கெல்லை எழுதுங்கள். யாருக்கு எழுதுகிறீர்களோ அவர் உங்களுக்கு முன் போய்விட்டால் யாருக்கு என்று எழுதுங்கள். 'இதில் சொல்லாமல் விட்டதும், இனிமேல் நான் வாங்குவதும் இன்னாருக்கு' என்ற கடைசி வரி இல்லாத உயில் பாதி உயில். உங்கள் பங்குக்கு மேல் எழுத முடியாது என்பதால்தான் இரண்டாம் படியை முன்னால் வைத்தேன்.

ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுத்தால் காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். 'இளையவன் படிப்புக்கு வீட்டை அடமானம் வைத்து நான்தான் கட்டினேன்' என்பது போல. கோபமாக வேண்டாம், கணக்காக.

மனவளர்ச்சிக் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளை இருந்தால் நேரடியாக அந்தப் பிள்ளை பெயரில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலான குழு மூலம் சட்டப்படியான பாதுகாவலரை நியமித்து, சொத்துக்குத் தனியார் அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்துங்கள். இதற்கு என்னைப் போன்றவர்கள் போதாது, நல்ல வக்கீலிடம் போங்கள்.

ஏழாம் படி: வரி

சொத்து கைமாறுவதற்கென்று வாரிசு வரி இந்தியாவில் 1985-இலேயே போய்விட்டது. ஆனால் வாரிசாக வந்ததை விற்கும்போது, வாங்கிய விலைக்கு மேல் வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. வாங்கிய விலையாக அப்பா கொடுத்த விலையை எடுப்பார்கள், 1.4.2001-க்கு முன் வாங்கியதென்றால் அந்தத் தேதியின் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதனால் பழைய கிரயப் பத்திரமும், மாடி கட்டிய செலவு ரசீதும் குப்பை அல்ல. மனைவிக்குப் பணம் கொடுத்து வைப்பு போட்டால் அந்த வட்டி உங்கள் வருமானத்திலேயே சேரும். ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள், போதும்.

எட்டாம் படி: வாயைத் திறப்பது

இது பத்திரம் இல்லாத படி, பலரும் தாண்டிவிடும் படி. வருடத்தில் ஒரு நாள், குலதெய்வக் கோயிலுக்கு எல்லோரும் கூடும் நாளாகவே இருக்கட்டும், சாப்பாடு முடிந்ததும் அந்த நோட்டை எடுத்துப் பிள்ளைகள் முன் வையுங்கள். தொகை சொல்லக் கூச்சமாக இருந்தால் தொகையை விடுங்கள்; எது எங்கே இருக்கிறது, எந்தக் கடன் பாக்கி, உயில் எழுதியாகிவிட்டது, எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். மருமகள்களையும் உட்கார வையுங்கள். நாளை அந்த நோட்டோடு அலையப்போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

கல்லூரி போகும் பிள்ளையிடம் ஒரு வீட்டு வாடகையை வாங்கி, வரி கட்டி, பழுது பார்த்து, கணக்கு எழுதச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டி வெடித்ததும் வாடகைக்காரர் அவனிடம் சண்டை போடட்டும். அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அந்த 14 பேர் கதை: வாங்க வந்தவர் ஆறு மாதம் பார்த்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் வந்ததற்கு ஒரு வேலை நடந்தது. வாரிசுச் சான்றுகள் வந்துவிட்டன. துபாய்க்காரர் பவர் அனுப்பினார், மூன்று மாதத்துக்குள்ளேயே. கோபக்காரரின் அக்கா போய்ப் பேசிக் கூட்டி வந்தார். மைனர் பங்குக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். இந்த முறை விற்பதற்கு அவசரமில்லை, முதலில் பிரித்துக்கொள்வோம் என்று ஆகிவிட்டது.

போன வாரம் அந்த இரண்டாமவர், 71 வயது, தனியாக வந்தார். "எனக்கு ஒரு உயில் எழுதணும்" என்றார். நோட்டும் கொண்டுவந்திருந்தார், சர்வே எண்ணெல்லாம் சரியாக இருந்தது.

"சாட்சிக்கு யாருங்க?"

"நம்ம கடைக்காரரும் வாத்தியாரும்தான், வெளியில நிக்கிறாங்க. அம்பது வருஷப் பழக்கம்."

எட்டிப் பார்த்தேன். இருவருமே அவரைவிட மூத்தவர்கள். வாத்தியார் கையில் ஊன்றுகோல்.

"அவங்க டீ சாப்பிடட்டும் ஐயா" என்றேன். "டீக்கடைத் தம்பியையும் எதிர் ஜெராக்ஸ் கடைப் பொண்ணையும் கூப்பிடுங்க."